உங்களுக்குத் தெரியுமா? பழைய காரும் வீட்டு ஷெட்டும்

● ஸ்டாண்டர்டு ஹெரால்ட் நம் சென்னையில் தயாரான கார். வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையிலிருந்து 1961 முதல் வெளிவந்தது. அதன் அசலான டிரையம்ப் ஹெரால்ட் பிரிட்டனில் அறிமுகமானது 1959-இல். அழகான அந்த உடலை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜோவன்னி மிக்கெலோட்டி. நான்கு கதவு ஹெரால்டை ஆங்கிலேயர்கள் விற்கவே இல்லை. அது இந்தியாவுக்கென்றே இங்கே செய்தது. வீட்டிலேயே ஒரு பழைய காரைப் பிரித்துச் சேர்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு என் முதல் சிபாரிசு இந்த வண்டிதான். ஏன் என்பது அடுத்த துணுக்கில்.

● ஹெரால்ட் வீட்டு மெக்கானிக்குக் கைகொடுப்பதற்குக் காரணம் ஒரு வியாபாரச் சண்டை. பிரிட்டனில் டிரையம்பைச் செய்துவந்த ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு உடல் பாகங்களைச் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ ஆலையை 1953-இல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி விலைக்கு வாங்கிவிட்டது. புது மாடலுக்கு முழு உடலையும் ஒரே துண்டாக அடித்துத் தர ஆள் இல்லை. ஆகவே தனி சேசிஸ் ஒன்றைப் போட்டு, உடலைத் துண்டு துண்டாகச் செய்து, போல்ட்டு போட்டு மேலே பூட்டிவிட்டார்கள். அன்றைக்கு அது வேறு வழியில்லாமல் செய்தது. இன்றைக்கு ஸ்பேனரும் நாலு நண்பர்களும் இருந்தால் உடலைக் கழற்றிச் சேசிஸைத் தனியே நிறுத்திவிடலாம். அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் இது நடக்காது. அவற்றுக்கு உடலே சேசிஸ். தரைத்தகடு துருவேறினால் வெல்டிங் இல்லாமல் கதையில்லை.

● ஹெரால்டின் பானட் மட்கார்டு, விளக்குகள் எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு முன்பக்கமாகச் சாயும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைக் கழற்றலாம். இடுப்பு வலிக்காரர்கள் கவனிக்க.

● கிரீஸ் கன்னில் கிரீஸுக்குப் பதில் ஆயில் ஊற்ற வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தூணின் அடிமுனை, வெண்கல ட்ரனியனுக்குள் மரையாக இறங்கி, ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அதற்குள் சுழல்கிறது. அங்கே போக வேண்டியது கியர் பெட்டிக்கு ஊற்றும் ஈபி 90 ஆயில். நிப்பிளைக் கண்டதும் கிரீஸ் அடிக்கிற பழக்கம் நம் பட்டறைகளில் ஊறிப்போனது. கெட்டியான கிரீஸ் மரை முழுவதும் பரவாது. இடுக்கில் தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும். கடைசியில் ஒருநாள் திருப்பத்தில் தூண் முறிந்து சக்கரம் மடிந்து உட்காரும். பழைய ஹெரால்ட் வாங்கினால் முதல் வாரமே பார்க்க வேண்டிய சங்கதி இது. அதே முன் தூண் வகையை லோட்டஸ் கம்பெனி தன் இலான் ஸ்போர்ட்ஸ் காருக்கும் வாங்கிப் போட்டது என்பது ஓர் உபரிச் செய்தி.

● 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் அரை இன்ச் நட்டில் ‘ஏறக்குறைய’ உட்காரும். அந்த ஏறக்குறையதான் வில்லன். அரை இன்ச் என்பது 12.7 மி.மீ.; மீதி 0.3 மி.மீ. ஆட்டத்தில் நட்டின் மூலைகள் மழுங்கிப்போகும். 9/16 இன்ச் நட்டுக்கு 14 நுழையாது, 15 வழுக்கும். 3/4 இன்ச்சுக்கு மட்டும் 19 மி.மீ. பழுதில்லாமல் பொருந்தும். ஹெரால்ட், அம்பாசிடர், மோரிஸ் மைனர் மூன்றுமே இன்ச் வண்டிகள். பத்மினி இத்தாலிய ஃபியட்டின் வாரிசு என்பதால் அது மி.மீ. கணக்கு. எந்த வண்டி வாங்கப்போகிறோம் என்று முடிவாகாமல் ஸ்பேனர் செட் வாங்க வேண்டாம்.

● இதைவிட விசித்திரம் ஒன்று. எம்ஜி டிசி ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினில் போல்ட்டுத் தலை ஆங்கிலேய விட்வொர்த் அளவு, மரை மட்டும் பிரெஞ்சு மெட்ரிக்! அந்த எஞ்சின் தயாரான கவன்ட்ரி ஆலை முன்பு ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியுடையது. 1923-இல் வில்லியம் மோரிஸ் அதை வாங்கியபோது இயந்திரங்களும் கூடவே வந்தன. மரையை மாற்றினால் இயந்திரங்களையே மாற்ற வேண்டும். உள்ளூர் மெக்கானிக்கின் ஸ்பேனர் பொருந்தினால் போதும் என்று தலையை மட்டும் மாற்றிவிட்டார்கள்.

● பளபளக்கும் பழைய காரைப் பார்க்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கட்டும். மெல்லிய துணியில் சுற்றி, கதவின் அடிவிளிம்பு, சக்கர வளைவு, டிக்கியின் மூலைகள் என்று மெல்ல இழுத்துக்கொண்டே வாருங்கள். இரும்புத் தகடு உள்ள இடத்தில் பிடிக்கும். கனமாகப் பட்டி பார்த்து நிரப்பிய இடத்தில் கையை விட்டு நழுவும். விற்பவரின் முகத்தையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

● துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். பெயின்ட் கொப்புளம் போல எழும்புவது அதனால்தான். மேலே மிளகளவு கொப்புளம் என்றால் உள்ளே எவ்வளவு என்பதை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தால்தான் தெரியும். கடற்காற்று அடிக்கும் ஊர்களில் உப்பு அதற்கு வேகம் கூட்டுகிறது.

துருவெடுக்க உப்புத்தாளும் தோள்பட்டையும் மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் தொட்டி, லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, பழைய ரக 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், காயலான் கடையில் எடுத்த இரும்புத் துண்டு. இவ்வளவுதான் சாமான். துருப்பிடித்த பாகத்தை மைனஸிலும் காயலான் இரும்பைப் பிளஸ்ஸிலும் மாட்டி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் முக்கிவைத்துச் சுவிட்சைப் போட்டால் பாகத்தைச் சுற்றி நுரை பொங்கும். ராத்திரி வைத்தால் காலையில் துரு கறுப்புச் சேறாக இளகியிருக்கும். பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். நல்ல இரும்பு துளியும் குறையாது என்பதுதான் அமிலத்தைவிட இதில் உள்ள பெரிய லாபம். மூன்று எச்சரிக்கைகள். நுரையில் வருவது ஹைட்ரஜன், ஆகவே திறந்த வெளியில் செய்யுங்கள், பீடி சிகரெட் பக்கத்தில் ஆகாது. பிளஸ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடவே கூடாது, அதிலிருந்து விஷமான குரோமியம் கரையும். ஸ்பிரிங் போன்ற கடினப்படுத்திய எஃகை இதில் போட்டால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து அதை நொறுங்கும்படி ஆக்கிவிடும்.

● கடையில் விற்கும் துருமாற்றித் திரவங்கள் பலவற்றில் இருப்பது டானிக் அமிலம். துருவோடு சேர்ந்து அதை நீலக்கறுப்பான, கெட்டியான பூச்சாக மாற்றுகிறது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம்மவர்கள் மை காய்ச்சினார்களே, அதே ரசாயனம்தான். கடுக்காயில் டானின், அன்னபேதியில் இரும்பு.

● வருடக்கணக்கில் நின்ற வண்டியைக் கொண்டுவந்ததும் எல்லோரும் முதலில் செய்வது எஞ்சினைக் கிளப்பிப் பார்ப்பது; அடுத்தது பெயின்ட் கடைக்குப் போவது. பிரேக்குக்குக் கடைசி இடம். என் கட்சி இதற்கு நேர் எதிர். அந்தக் காலத்து வண்டிகளில் பிரேக்குக்கு ஒரே ஆயில் பாதை. ஒரு சக்கரத்தில் கசிந்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போயிற்று. டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி இருந்தாலே தேர்ச்சி என்கிறது தரவிதி. மலைப்பாதை இறக்கத்தில் அந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும். ஈரம் சிலிண்டர் சுவரைப் புள்ளி புள்ளியாக அரித்து, புது ரப்பரைப் போட்டாலும் கசியவைக்கும்.

ரப்பர் ஹோஸ் இன்னொரு கள்ளன். வெளியே பார்த்தால் நன்றாகவே இருக்கும், உள்ளே வீங்கியிருக்கும். மிதித்தால் ஆயில் போகும், விட்டால் திரும்பாது. பிரேக் பிடித்துக்கொண்டே ஓடும், டிரம் கொதிக்கும். ஷூவைத் திரும்பத் திரும்பக் கழற்றிப் பார்த்து மண்டை காய்ந்தவர்கள் பலர். எல்லா ஹோஸையும் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டில் பட்டால் துணியால் துடைக்கக் கூடாது, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் பெயின்ட்டை உரித்துவிடும்.

● பழைய பிரேக் ஷூவிலும் கிளட்ச் தட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசியை ஊதுவது நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

● ‘ஜாம்’ ஆன எஞ்சினைச் செல்ஃப் போட்டு முறுக்கினால் ரிங் உடையும். பிளக்கை எல்லாம் கழற்றி, ஓட்டை வழியாக ஊறும் எண்ணெயை விட்டு, சில நாள் மறந்துவிடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். பொறுமைசாலிக்கு எஞ்சினே வழிவிடும். அவசரக்காரருக்கு லேத் பட்டறைச் செலவு.

● டேப்பெட் சரிசெய்ய ஒன்பது என்ற எண் நினைவிருந்தால் போதும். நாலு சிலிண்டரில் எட்டு வால்வு. எட்டாவது வால்வு முழுதும் அமுங்கித் திறந்திருக்கும்போது முதல் வால்வின் இடைவெளியைப் பாருங்கள். ஆறாவது திறந்தால் மூன்றாவது, நாலாவது திறந்தால் ஐந்தாவது, ஏழாவது திறந்தால் இரண்டாவது. எதைக் கூட்டினாலும் ஒன்பது. ஹெரால்டிலும் அம்பாசிடரிலும் மோரிஸ் மைனரிலும் இந்தக் கணக்குத் தப்பாது. ஹெரால்டுக்கு எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இடைவெளி 0.010 இன்ச்.

● பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் ஒயர் நிறங்களுக்குப் பொது இலக்கணம் உண்டு. பழுப்பு நேராகப் பேட்டரியிலிருந்து வருவது, வெள்ளை சாவி போட்டால் உயிர் பெறுவது, பச்சை அதிலிருந்து ஃபியூஸ் வழியாகப் போவது, நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் விளக்கு, கறுப்பு எர்த். ஒரு வண்டியில் கற்றுக்கொண்டால் இன்னொன்றில் செல்லும். இடையில் யாராவது கைக்குக் கிடைத்த மஞ்சள் ஒயரைச் சுற்றிவிட்டுப் போயிருந்தால் அவரைத் திட்டிக்கொண்டே தேட வேண்டியதுதான்.

● பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றுக்குப் பேட்டரியின் பிளஸ்தான் பாடியோடு சேரும். தெரியாமல் இந்தக் கால வழக்கப்படி மாட்டிவிட்டால் பல்பு எரியும், ஹாரன் அடிக்கும், ஆனால் ரேடியோ செத்துவிடும். ஒயரைத் தொடுமுன் பழைய இணைப்பை போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

● ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000 பிப்ரவரி 1-ஆம் தேதியோடு நின்றது. பழைய எஞ்சின்களில் வால்வு உட்காரும் வளையத்துக்கு அந்த ஈயம்தான் மெத்தை. ஹெட்டைக் கழற்றும் சந்தர்ப்பம் வந்தால் லேத்தில் கொடுத்துக் கடின வளையம் பதித்துவிடுவது நல்லது. இப்போது புதுத் தலைவலி எத்தனால். 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, இன்று எல்லா பங்க்கிலும் அதுதான். பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாபிரத்தையும் அது இளக்கிவிடும், ஈரத்தையும் உறிஞ்சும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துவதானால் டேங்கை வடித்துவிடுங்கள்.

● காலி பெட்ரோல் டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. வெடிப்பது ஆவி. வடித்து உலர்த்தினாலும் தையலிடுக்கில் பெட்ரோல் இருக்கும். டேங்க் வெல்டிங்கை மட்டும் வீட்டில் முயல வேண்டாம், அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள்.

● பழைய பாகங்களைப் புரட்டிப் பார்த்தால் பாதிக்குமேல் சென்னை விலாசமாக இருக்கும். செம்பியத்து இந்தியா பிஸ்டன்ஸ் 1949-இல் தொடங்கியது. பாடியில் டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் செய்த லூகாஸ் டிவிஎஸ் 1961. பிரேக்ஸ் இந்தியா 1962. மாற்றுப் பாகம் தேடுகிறவர் இன்றும் போவது ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கும் புதுப்பேட்டைக்கும்தான். பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டே போங்கள். பெயரைச் சொல்லிக் கேட்டால் வேறொன்று கிடைக்கும்.

● மோரிஸ் மைனர் பிறந்தது இங்கிலாந்தில், 1948-இல். ஆனால் அதன் உடல் தகடுகளை 1990-களில் இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். பாத் நகரத்து மைனர் பிரியர் சார்ல்ஸ் வேர் கூட்டாகத் தொடங்கிய டியூரபிள் கார் கம்பெனியின் வேலை அது. இலங்கைத் தெருக்களில் மைனர் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

● 50 வயது தாண்டிய வண்டிக்கு ‘விஏ’ என்ற தனி எழுத்துடன் நம்பர் தரலாம் என்று 2021 ஜூலையில் மத்திய விதி திருத்தப்பட்டது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பதிவு 10 வருடம் செல்லும். கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது இவற்றுக்கு ஓட்டலாம். அன்றாடம் ஆபீசுக்கு ஓட்ட முடியாது. சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் இந்தச் சலுகை இல்லை. ஹெரால்டுக்குள் மாருதி எஞ்சினைத் திணிக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் இந்த விதியைப் படித்துவிட்டு ஸ்பேனரை எடுக்கட்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஆர்சி புத்தகத்திலுள்ள சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் டார்ச் அடித்து வண்டியில் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.