நகரி மலையில் அலை வரி

திருத்தணியில் 365 படி ஏறி முருகனைப் பார்த்தவர்கள், மூச்சு வாங்க நிற்கும்போது ஒருமுறை வடக்கே பார்க்கலாம். ஆந்திர எல்லையைத் தாண்டி நகரி மலை நீண்டு கிடக்கும். அதில் துருத்தி நிற்கும் சிகரத்துக்கு 'நகரி மூக்கு' என்று பெயர். சென்னைக்கு வந்த பாய்மரக் கப்பல்காரர்களுக்கு அதுதான் கரை நெருங்கிவிட்ட அடையாளம். அந்த மலையே ஒரு காலத்தில் கரைமணல்தான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

இன்று கடல் திருத்தணிக்குக் கிழக்கே 70 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. பழவேற்காட்டில் தண்ணீர் வடிந்த ஈரமணலில் நடந்தால் காலடியில் வரிவரியாகத் தட்டுப்படும். நகரி மலைப் பாறைகளிலும் அதே வரிகள் கல்லாகிக் கிடக்கின்றன. வரியின் இரு பக்கமும் ஒரே சரிவாக இருந்தால், ஆழமில்லாத நீரில் அலை முன்னும் பின்னும் ஆடியிருக்கிறது. ஒரு பக்கம் சாய்வாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருந்தால் நீர் ஒரே திசையில் ஓடியிருக்கிறது. செங்குத்தான பக்கமே அது போன திசை. ஆனால் வரியைப் பார்த்ததுமே கடல் என்று சொல்லிவிடக் கூடாது. ஏரியிலும் அலை அடிக்கும். மேலும் கீழும் உள்ள அடுக்குகளையும் சேர்த்துப் படித்தால்தான் கணக்கு சரிவரும்.

இந்த மணல் படிந்து நூறு கோடி ஆண்டுக்கு மேலாகிறது. அப்போது சங்கும் இல்லை, சிப்பியும் இல்லை. சாட்சி சொல்ல மணல் மட்டும்தான். அது இறுகி குவார்ட்சைட் ஆனது. சாதாரண மணற்கல்லை உடைத்தால் மணிகளைச் சுற்றி உடையும், கை சொரசொரக்கும். குவார்ட்சைட் மணிகளை அறுத்துக்கொண்டு உடையும். விளிம்பு கத்திபோல் இருக்கும்.

அந்த மலைகளை ஆறுகள் பெயர்த்து உருட்டின. உருண்டு வந்த கூழாங்கற்கள் மணலோடு இறுகிய பாறைதான் சத்தியவேட்டிலும், பூண்டிப் பக்கம் அல்லிக்குளி மலையிலும் இருப்பது. கல் பெரிதாக இருந்தால் வெள்ளம் வேகம். மழமழவென்று இருந்தால் நெடும்பயணம். ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதிக் களிப்பாறையோ பொடி வண்டல், அதாவது அமைதியான நீர். அதில் நிலத்துச் செடியின் இலைத்தடமும், கடலில் மட்டுமே வாழ்ந்த, சுருள் ஓடு கொண்ட அம்மோனைட்டும் கிடைத்திருக்கின்றன. இலை கடலில் விழ வேண்டுமானால் கரை பக்கத்தில் இருந்தாக வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று கோடி ஆண்டுக்கு முன்பு, இந்தியா அண்டார்டிகாவை விட்டு விலகிய காலத்துக் கரை அது.

இப்படிப் பாறையைப் படிப்பதில் பிழையும் வரும். 1863இல் புவியியலாளர்கள் ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் வில்லியம் கிங்கும் பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். எல்லாம் அந்தக் குவார்ட்சைட்தான். விளிம்பின் கூர்மை ஆதிமனிதனுக்கும் தெரிந்திருக்கிறது. அங்கே கீழே இருந்த களிமண் அடுக்கைப் பழைய கடற்களிப்பாறை என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். மனிதன் தோன்றுவதற்கு முந்தைய பாறையில் கருவியைத் தேடுவானேன்? 1999இல் தொடங்கிய அகழாய்வில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அந்தக் களிமண்ணையும் தோண்டினார்கள். அது பிற்காலத்து ஆற்று வண்டல். உள்ளே கைக்கோடரிகள் இருந்தன. வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் வெளியிட்டார்கள்.