ஆஸ்பத்திரிக்கு வரும் நாயும் சோப்புத் தண்ணீரும்



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்பு வரவு எழுதி முடித்த பிறகு ஒரு அக்கா கேட்டார்: "ஏம்மா, வெளிநாட்டுல புள்ளைங்க ஆஸ்பத்திரிக்குள்ள நாயக் கூட்டிட்டுப் போறாங்களே, செல்லுல பார்த்தேன். நம்ம ஊரு ஆஸ்பத்திரிக்குள்ள நாய் வந்தா வாட்ச்மேன் கம்பை எடுத்துட்டு ஓடி வர்றாரு. அது என்ன கதை?" எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

அவர் பார்த்தது உண்மைதான். அமெரிக்காவில் பல குழந்தைகள் மருத்துவமனைகளில் இது நடக்கிறது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு படுத்திருக்கும் பிள்ளை, ஊசி என்றாலே அலறும் பிள்ளை, யாரோடும் பேசாத பிள்ளை. இவர்களிடம், நன்றாகப் பழக்கிய சாதுவான நாயை அதை வளர்ப்பவரே கூட்டி வருவார். பெரும்பாலும் சம்பளம் வாங்காமல் தொண்டாகத்தான் செய்கிறார்கள். பிள்ளை நாயைத் தடவிக் கொடுக்கும், அதோடு பேசும். பயமும் வலியும் கொஞ்ச நேரம் மறந்துபோகும்.

"சரி, கிருமி ஒட்டாதா?" என்பீர்கள். ஒட்டும். புற்றுநோய் மருந்து உடம்பின் எதிர்ப்பு சக்தியையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறது. நமக்கு நாலு நாளில் போகிற சளி, அந்தப் பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 2018-ல் சொன்னார்கள். புற்றுநோய் சிகிச்சை பெறும் 45 பிள்ளைகள், 4 நாய்கள். அவர்கள் தேடியது எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற கிருமி. வழக்கமாகக் கொடுக்கும் பல ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு இது அடங்காது. தோலிலும் மூக்கிலும் சும்மா இருக்கும், புண் வழியாக உடம்புக்குள் இறங்கினால் வினை. நாய் வரும் முன் இந்தக் கிருமி இல்லாத பிள்ளைகளிடம், நாய் வந்துபோன பிறகு எடுத்த மாதிரிகளில் சுமார் 10 சதவீதத்தில் அது இருந்தது. நாயைக் கட்டிப்பிடித்து அதிக நேரம் விளையாடிய பிள்ளைகளுக்கு ஒட்டும் வாய்ப்பு, குறைந்த நேரம் இருந்தவர்களைவிட 6 மடங்கு.

நாய்க்கு நோய் ஒன்றும் இல்லை. ஒரு பிள்ளையின் கையிலிருந்து நாயின் முடிக்கு, முடியிலிருந்து அடுத்த பிள்ளையின் கைக்கு என்று கிருமி போகிறது. ஒரே துண்டில் பத்துப் பேர் கை துடைத்தால் எப்படியோ அப்படி.

அதற்காக நாயை வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டிக் கூட்டி வந்தார்கள். உள்ளே இருக்கும்போது 5 முதல் 10 நிமிடத்துக்கு ஒருமுறை அதே மருந்து நனைத்த துணியால் துடைத்தார்கள். கிருமி ஒட்டுவது நன்றாகக் குறைந்துவிட்டது.

அந்த நாட்டில் மருத்துவமனைத் தொற்று தடுப்பு நிபுணர்கள் 2015-ல் எழுதிய பரிந்துரைகளும் இருக்கின்றன. நாய்க்கு ஒரு வயதாவது ஆகியிருக்க வேண்டும், தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். பச்சைக் கறி தின்று வளரும் நாய் கூடாது. வயிற்றுப்போக்கோ தோல் நோயோ இருந்தால் அன்றைக்கு வரக் கூடாது. பிள்ளையை நக்க விடக் கூடாது. படுக்கையில் ஏற்றினால் கீழே தனி விரிப்பு போட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாயைத் தொடும் ஒவ்வொருவரும் தொடுவதற்கு முன்னும் பின்னும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும்.

இதைப் பார்த்துவிட்டு நம் தெரு நாயைப் பிள்ளைகள் கொஞ்சட்டும் என்று விட்டுவிடாதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது.

இதையெல்லாம் கூட்டத்தில் சொல்லிக்கொண்டு வந்தபோது எனக்கே ஒரு கேள்வி வந்தது. நாய்க்கு இவ்வளவு கட்டுப்பாடு வைக்கிறார்கள், நாம் எப்படிப் போகிறோம்? பிரசவ வார்டுக்கு ஒரு ஆட்டோ நிறையப் போகிறோம். பஸ் கம்பியைப் பிடித்த கை, காசு எண்ணிய கை, அப்படியே குழந்தையைத் தூக்குகிறது. கன்னத்தில் முத்தம் வேறு. இருமிக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்து சாப்பாட்டுக் கேரியரைத் திறக்கிறோம். நர்ஸம்மா அதட்டினால் கோபம் வருகிறது. இதில் நானும் சேர்த்திதான், என் அண்ணன் குழந்தையை அப்படித்தான் போய்த் தூக்கினேன்.

சளி, காய்ச்சல், சீழ்ப்புண் இருக்கிறவர்கள் அன்றைக்கு வீட்டிலேயே இருக்கலாம். போகிறவர்கள் பையில் ஒரு துண்டு சோப்பு வைத்துக்கொண்டால், குழாயடியில் விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்துக் கழுவ அரை நிமிடம்கூட ஆகாது. கழுவிய கையைச் சேலைத் தலைப்பில் துடைக்காதீர்கள், காற்றில் காயட்டும். அடுத்த கட்டில் குழந்தையைக் கொஞ்சிவிட்டு வந்தால் மறுபடி கழுவுங்கள்.

கேள்வி கேட்ட அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அடுத்த மாசம் மருமவளுக்குப் பிரசவம். எட்டுப் பேரு கிளம்பலாம்னு இருந்தோம்மா. ரெண்டு பேரு போறோம்" என்றார்.