நவம்பர் எங்கே?

டில்லியின் காற்று மாசை ஆராயப் புகுவோர் எல்லோருக்கும் ஒரு தொல்லை உண்டு. அளவை நிலையம் ஒன்று பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை காற்றை அளந்தால், ஓராண்டில் 35,040 வரிகள் சேரும். நாற்பது நிலையங்கள் என்றால் 14,01,600 வரிகள். இவற்றைத் தரவுத்தளத்திலிருந்து கோப்பாக எடுப்பது எங்ஙனம்?

வீடு கட்டுமிடத்தில் செங்கல் மாடிக்கு ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றுவார்கள். எவர் கையிலும் இரண்டொரு கல்லுக்கு மேல் தங்குவதில்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கான கற்கள் ஏறிவிடும். தரவு ஏற்றுமதியும் அப்படியே நடக்க வேண்டும். விடை முழுவதையும் நினைவகத்தில் குவித்துவிட்டு அனுப்ப முயன்றால் கணிப்பொறி திணறும். வரிவரியாக எடுத்து உடனுக்குடன் அனுப்பினால் சிறு கணிப்பொறியே போதும். இதைத் தாரை முறை என்போம்.

ஆனால் ஒருவருக்கு சி.எஸ்.வி. வடிவம் வேண்டும், இன்னொருவருக்கு ஜேசன், மூன்றாமவருக்கு வேறொன்று. அத்தனையையும் மூல நிரலிலேயே எழுதி மாளாது. ஆதலின் பிறர் எழுதும் செருகுநிரல்களுக்கு இடம் விடுகிறோம். அச்செருகுநிரல் எல்லா வரிகளையும் ஒருசேரக் கேட்டால், நடுவில் நிற்கும் ஆள் செங்கலையெல்லாம் தம் காலடியில் குவிக்கச் சொன்ன கதைதான். சைமன் வில்லிசன் 2017-இல் வெளியிட்ட டேட்டாசெட் என்னும் மென்பொருளைப் பாருங்கள். 2018-இல் அதன் சி.எஸ்.வி. ஏற்றுமதி தாரை முறைக்கு வந்தது. 2019-இல் புதிய வடிவங்களைச் செருகுநிரலால் சேர்க்கும் வசதி வந்தபோதோ, வரிகள் மொத்தமாகவே அவற்றிடம் தரப்பட்டன.

இதற்கு வழி, செருகுநிரலுக்கு மூன்றே கடமைகளை வகுப்பது: தொடக்கம், வரி, முடிவு. ஜேசனாயின் தொடக்கத்தில் சதுர அடைப்புக்குறியைத் திறக்கும். இரண்டாம் வரியிலிருந்து முன்னே காற்புள்ளி இடும். முடிவில் அடைப்பை மூடும். சி.எஸ்.வி.க்குத் தொடக்கத்தில் தலைப்பு வரி. முடிவில் எழுத ஒன்றுமில்லை.

இந்த ஒன்றுமில்லாத முடிவில்தான் நான் இடறி விழுந்தேன். வலைச் சேவையகம் '200, எல்லாம் நலம்' என்று முதலிலேயே அறிவித்துவிட்டுத்தான் வரிகளை அனுப்பத் தொடங்கும். நடுவே பிழை நேர்ந்தால் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற இயலாது. நான் எழுதிய நிரலோ பிழையை விழுங்கிவிட்டுக் கோப்பை ஒழுங்காக மூடிவிட்டது. தேதி வரிசையில் வந்த வரிகள் அக்டோபரோடு நின்றுபோயின. நான் அறியேன். ஆண்டுச் சராசரி போட்டேன். டில்லிக் காற்று வியக்கத்தக்க தூய்மையுடன் விளங்கியது! மகிழ்ச்சியோடு பேராசிரியரிடம் ஓடினேன். அவர் கேட்டது ஒன்றே: "நவம்பர் எங்கே, தம்பி?"

அன்று கற்ற பாடம் இது. பிழை நேர்ந்தால் 'முடிவு' என்னும் கடமையை அழைக்கவே கூடாது. இணைப்பை முறித்துவிட வேண்டும். எச்.டி.டி.பி. 1.1-இன் துண்டு முறையில், சுழி நீளமுள்ள துண்டு ஒன்று கடைசியில் வந்தால்தான் செய்தி முற்றுப்பெற்றதாகப் பொருள். அது வராவிடில் பெறும் மென்பொருள் குறையை அறிந்துகொள்ளும்.

ஏற்றுமதி நிரல் எழுதும் நண்பர்கள் இதை மறவாதிருப்பார்களாக. கோப்பைப் பெறுவோர், கடைசி வரியின் தேதியைப் பார்த்த பின்னரே கணக்கைத் தொடங்குங்கள்.