நாய்க்குட்டியின் உண்மையான விலை

ஏற்காடு கோடை விழாவில் நாய்கள் கண்காட்சியைக் கண்டு திரும்பும் பிள்ளைகள், வீட்டில் முதலில் கேட்பது ஒரு நாய்க்குட்டியைத்தான். தலைச்சோலை போன்ற மலைக் கிராமங்களில் கேட்க வேண்டிய தேவையும் இல்லை. பக்கத்துத் தோட்டத்து நாய் குட்டி ஈன்றால், ஒன்று இலவசமாகவே வீடு வந்து சேரும். விலையின்றி வந்த குட்டிக்குச் செலவும் இராது என்று எண்ணிவிடுகிறோம்.

மருத்துவமனையில் நாங்கள் காணும் கணக்கு வேறு. கையில் பற்கீறலுடன் வரும் குழந்தையின் பெற்றோரிடம், "நாய்க்குத் தடுப்பூசி போட்டீர்களா?" என்று வினவினால், "குட்டிதானே டாக்டர், வீட்டை விட்டு எங்கும் போகாது" என்ற மறுமொழியே பெரும்பாலும் கிடைக்கிறது. குட்டிக்கும் வெறிநோய் வரும். மனிதருக்கு ஏற்படும் வெறிநோயில் 99 விழுக்காடு வரை நாய்கள் மூலமே பரவுகிறது. அறிகுறி தோன்றியபின் பிழைப்போர் மிக அரிது.

நாய் வளர்ப்பதில் உணவே பெருஞ்செலவு. அது மாதந்தோறும் தொடரும். குடற்புழு நீக்க மருந்து, உண்ணி மருந்து, கருத்தடை அறுவை ஆகியவையும் உண்டு. இவற்றோடு ஒப்பிட்டால் வெறிநோய்த் தடுப்பூசியின் செலவு சிறிது. மூன்று மாத வயதில் முதல் ஊசி, கால்நடை மருத்துவர் கூறும் நாளில் அடுத்தது, பின்னர் ஆண்டுக்கு ஒருமுறை. செப்டம்பர் 28, உலக வெறிநோய் நாளையொட்டிக் கால்நடைப் பராமரிப்புத் துறை இலவச முகாம்களும் நடத்துவது வழக்கம். ஆயினும் குடும்பங்கள் முதலில் கைவிடுவது இச்சிறு செலவையே.

அதன் விலையைப் பின்னர் மனிதர் செலுத்துகின்றனர். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம்தான். ஆனால் தோலினுள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நான்கு நாள்கள் வரவேண்டும். ஒவ்வொரு நாளும் பேருந்துச் செலவு. தோட்டக் கூலியும் இழப்பு. காயம் ஆழமாயின் எதிர்ப்புப் புரதமும் காயத்தில் செலுத்த வேண்டும். அதற்குச் சேலம் வரை மலையிறங்க நேரலாம். கூலியை எண்ணி மூன்றாம் ஊசியோடு நிறுத்துவோரை நினைத்தே நாங்கள் அஞ்சுகிறோம்.

கடித்தாலும் பற்கீறல் பட்டாலும், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். நாய் நலமாக உள்ளதா என்று பார்த்துக்கொண்டு காத்திராமல், அன்றே ஊசியைத் தொடங்குங்கள்.

நீரிழிவு உடையோர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், மண்ணீரல் அகற்றப்பட்டோர் ஆகியோருக்கு நாயின் எச்சில் புண்ணில் பட்டாலே கடுந்தொற்று ஏற்படக்கூடும். அவர்கள் உள்ள வீட்டில் குட்டி வாங்குமுன் மருத்துவரிடம் ஒரு சொல் கேளுங்கள்.

நாய் வேண்டாம் என்பதன்று எம் கருத்து. நோயுற்ற முதியவருக்கு அதைவிட நல்ல துணை எளிதில் வாய்ப்பதில்லை. அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது உங்கள் மருந்துச் சீட்டோடு உங்கள் நாயின் தடுப்பூசி அட்டையும் கோப்பில் இருக்கட்டும். அதையும் நாங்கள் மகிழ்வுடன் பார்ப்போம்.