மௌன வசந்தமும் ஒரு கலாசாலைத் தோட்டமும்

இயற்கையைப் பொருளாகக் கொண்டு எழுந்த நூல்களை இருவகையாகப் பிரிக்கலாம். காட்டின் எழிலையும் விலங்கு பறவைகளின் வாழ்க்கையையும் எடுத்துக்காட்டி நம்மை மகிழ்விப்பன ஒருவகை. அவ்வெழில் யாது காரணத்தாற் குன்றுகின்றது என்று ஆராய்ந்து, மனிதனிடம் கணக்குக் கேட்பன மற்றொரு வகை. பின்னதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டாக விளங்குவது, அமெரிக்க விஞ்ஞானியாகிய ரேச்சல் கார்ஸன் அம்மையார் 1962-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ என்னும் நூலாகும். அதன் புகழைக் கேள்வியுற்றோர் பலர். ஆயின், அதன் சான்றுகளுள் ஒன்று ஒரு கலாசாலைத் தோட்டத்திலே, ஒரு மாணாக்கரின் ஆராய்ச்சியிலிருந்து தோன்றியது என்பதை அறிந்தோர் சிலரே. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

டி.டி.டி. என்னும் மருந்தின் பெருமையை முதற்கண் கூறுதல் நேர்மையாகும். அது பூச்சிகளைக் கொல்லும் ஆற்றலுடையது என்பதை 1939-இல் சுவிட்ஸர்லாந்து தேசத்துப் பால் முல்லர் கண்டறிந்தார். 1943-44-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிற் பரவிய டைபஸ் காய்ச்சலை அடக்க அது பெரிதும் உதவிற்று. 1948-இல் முல்லருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. நம் நாட்டிலும் 1953-இல் தொடங்கிய மலேரியா ஒழிப்பு முயற்சியில் வீட்டுச் சுவர்தோறும் அம்மருந்தே தெளிக்கப்பெற்றது. நோய் பரப்பும் பூச்சிகளை அடக்கவே கூடாதென்று கார்ஸன் அம்மையார் கூறினாரல்லர். விளைவை ஆராயாது கண்டவிடமெல்லாம் நஞ்சைத் தூவுதலையே அவர் கண்டித்தார்.

இனி, அக்கலாசாலைத் தோட்டத்திற்குச் செல்வோம். அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில், கிழக்கு லான்சிங் என்னும் ஊரில், ஒரு சர்வகலாசாலை உளது. அவ்வூர்ச் சாலைகளிலும் சர்வகலாசாலை வளாகத்திலும் எல்ம் என்னும் நிழல்மரங்கள் ஓங்கி நின்றன. அம்மரங்களை ஒருவகைப் பூஞ்சண நோய் பற்றியது. மரப்பட்டையில் வாழும் வண்டுகளே அந்நோயை மரத்திற்கு மரம் பரப்புவன. ஆதலின் வண்டுகளைக் கொல்ல, 1954-இல் வளாகத்து மரங்களுக்குச் சிறு அளவில் டி.டி.டி. தெளிக்கத் தொடங்கினர். மறு ஆண்டில் நகரத்தாரும் அவ்வாறே செய்தனர்.

அதே 1954-இல், ஜான் மேனர் என்னும் ஆராய்ச்சி மாணாக்கர், பறவையியற் பேராசிரியர் ஜார்ஜ் வாலஸ் என்பாரிடம் பயின்றுகொண்டு, ராபின் பறவைகளின் தொகையைக் கணக்கிடும் பணியை மேற்கொண்டார். ராபின் என்பது செந்நிற மார்புடையது. குளிர்காலம் நீங்கியதும் புல்வெளிகளில் வந்திறங்கி, வசந்தத்தின் வரவை அறிவிப்பது. அப்பறவைக்கு இடையூறு நேரும் என்று அக்காலத்தில் எவரும் கருதவில்லை. பட்டத்திற்குரிய ஆராய்ச்சியாகவே அவ்வேலை தொடங்கிற்று.

பின்வந்த வசந்தங்களில் ராபின்கள் வழக்கம்போல் வந்தன. ஆனால் பிழைத்திருந்தவை சிலவே. எஞ்சியவை நிலைதடுமாறி, உடல் நடுங்கி, வலிப்புற்று மாண்டு கிடந்தன. நரம்பைப் பற்றிய ஏதோ பிணியென்று பேராசிரியர் முதலில் ஐயுற்றார். மருந்து பறவைகளுக்குத் தீங்கு செய்யாதென்று அதனைத் தெளித்தோர் உறுதி கூறியிருந்தனர். பறவைகளின் மீது மருந்து நேரே படவுமில்லை. அங்ஙனமாயின் நஞ்சு அவற்றை அடைந்த வழி யாது?

இலையே அவ்வழியின் தொடக்கம். வசந்தத்தில் தெளித்த மருந்து இலைகளின்மேற் படலமாகப் படிந்து, மழையாலும் நீங்காது நின்றது. இலையுதிர் காலத்தில் அவ்விலைகள் மண்ணில் வீழ்ந்தன. மண்புழுக்கள் அவற்றை உண்டன. பல புழுக்கள் இறவாமல், நஞ்சைத் தம் உடலிற் சேர்த்து வைத்துக்கொண்டன. மறு வசந்தத்தில் வந்த ராபின்கள் அப்புழுக்களை உண்டன. பதினொரு பெரிய மண்புழுக்களில் உள்ள நஞ்சே ஒரு ராபினைக் கொல்லப் போதுமென்று 1958-இல் ராய் பார்க்கர் என்னும் ஆராய்ச்சியாளர் விளக்கினார். பதினொரு புழுக்களை அப்பறவை சில நிமிடங்களிலேயே உண்டுவிடும்! உயிர் தப்பியவற்றின் கூடுகளிலும் குஞ்சுகள் அரியவாயின.

ஈண்டு நாம் நோக்கற்பாலது ஒன்றுண்டு. மரத்தைக் காக்க விரும்பியவர் பறவைக்குப் பகைவரல்லர். இலை, புழு, பறவை என்னும் தொடரை ஒருசேரக் கண்டவர் இல்லாமையே தீங்கிற்கு இடமாயிற்று. அத்தொடரை வெளிப்படுத்தியது, அச்சமின்றித் தொடங்கப்பெற்ற ஒரு கணக்கு. அக்கணக்கு இல்லையேல், “இவ்வாண்டு பறவைகள் சற்றுக் குறைவு” என்று சொல்லி மக்கள் அமைந்திருப்பர்.

கார்ஸன் அம்மையார் இத்தகைய சான்றுகளைப் பல இடங்களினின்றும் திரட்டித் தம் நூலில் அமைத்தார். இரசாயனத் தொழிலதிபர் சீறி எழுந்தனர். 1963-இல் கென்னடி அதிபரின் விஞ்ஞான ஆலோசனைக் குழு, அவர் கூற்றுக்கு ஆதரவாக அறிக்கை தந்தது. புற்றுநோயோடு போராடிக்கொண்டே நூலை முடித்த அம்மையார், 1964-இல் காலஞ்சென்றார். 1972-இல் அமெரிக்கா டி.டி.டி.யின் வேளாண்மைப் பயனைத் தடுத்தது. அதன்பின் நேர்ந்ததும் எண்ணிக்கையாலேயே விளங்கும்: முட்டையோடு மெலிந்து குலமழிய இருந்த வெண்டலைக் கழுகுகள், அலாஸ்கா நீங்கிய அமெரிக்க நிலப்பகுதியில் 1963-இல் 417 இணைகளே இருந்தன, அருகிவரும் உயிர்களின் பட்டியலினின்று அவை நீக்கப்பெற்ற 2007-இல் ஏறக்குறைய 9,800 இணைகளாயின.

நம் நாட்டுப் பாறுகளின் வரலாறும் இதனை ஒத்ததே. 1990-களில் அவை கூட்டங்கூட்டமாக மறைந்தன. நோயுற்ற மாடுகளின் வலி தணியக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, மாடு இறந்தபின் அதன் இறைச்சி வழியே பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்பது 2004-இல் வெளியாயிற்று. 2006-இல் கால்நடைகளுக்கு அதனைப் பயன்படுத்தல் தடுக்கப்பெற்றது. அதற்குள் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்துபோயின. நம் மாகாணத்தில் நீலகிரியை அடுத்த மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியவை வாழ்கின்றன. ஆங்கும் இரக்கத்தாற் செய்த செயலே கேடாக முடிந்தது. பறவைகளைப் பல்லாண்டு எண்ணிவந்தோரே கேட்டை உணர்த்தினர்.

மாணாக்கர்க்கு இவ்வரலாறு கற்பிப்பது எளியதொன்று. ஒரு குறிப்பேடும், நாடோறும் ஒரே வேளையில் ஒரே வழியில் நடக்கும் பொறுமையும் போதும். நம் வளாகத்து மரங்களில் இவ்வாண்டு கூடு கட்டிய பறவைகள் எவை, எத்துணை என்பதை நாளுடன் எழுதி வைப்போமாயின், அக்குறிப்பு எவர்க்குப் பயன்படும் என்பதை இன்று கூறல் இயலாது. கிழக்கு லான்சிங்கில் எண்ணத் தொடங்கிய மாணாக்கரும் அதனை அறிந்தாரல்லர்.