ஆராதனை வேளையில் கலகம்

1967-ஆம் வருஷம், கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முந்திய இரவு. மேற்கு பெர்லினில் உள்ள கெய்ஸர் வில்ஹெல்ம் ஞாபகார்த்த தேவாலயத்தில் ஜனங்கள் ஆராதனைக்குக் கூடியிருந்தார்கள். அங்கே மாணவர் சிலர் அட்டைகளை ஏந்தி உள்ளே வந்தனர். சித்திரவதைக்கு ஆளான வியத்நாமியர் ஒருவரின் படமும், எளியோருக்குச் செய்வது தமக்கே செய்ததாகும் என்ற ஏசுநாதரின் உபதேசமும் அவற்றில் காணப்பட்டன. கூட்டத்தார் சினங்கொண்டு அவர்களை வெளியே தள்ளினார்கள். மாணவர் தலைவர் ரூடி டட்ச்கே பிரசங்க மேடையை அணுகிப் பேச முயன்றார். ஊன்றுகோலோடு வந்திருந்த ஒருவர் அந்தக் கோலாலேயே அவர் தலையில் அடித்தார், இரத்தம் வழிந்தது.

அந்தத் தேவாலயம் எத்தகையது என்பதையும் நேயர்கள் அறிய வேண்டும். 1943 நவம்பரில் விமானங்கள் வீசிய குண்டுகளால் அது சிதைந்து போயிற்று. இடிந்த கோபுரத்தை அகற்றாமல், யுத்தக் கொடுமைக்குச் சாட்சியாக அப்படியே நிறுத்தி வைத்து, அருகில் நீலக் கண்ணாடிச் சுவர்களுடன் புதிய ஆலயம் கட்டி 1961-இல் பிரதிஷ்டை செய்தார்கள். யுத்தத்தை மறவாதே என்று கல்லும் சொல்லும் இடத்தில், யுத்தத்தை நினைவூட்ட வந்தவனுக்குக் கிடைத்தது அடி!

இதைக் கேட்டதும் நம் மனம் மாணவர் பக்கம் சாய்ந்துவிடும். ஆயினும் சற்றுப் பொறுக்க வேண்டும். அந்தப் பெஞ்சுகளில் அமர்ந்திருந்தவர்கள் வியத்நாமில் குண்டு போடச் சொன்னவர்கள் அல்லர். நம் வீட்டில் திவசம் நடக்கும்போது ஒருவர் நுழைந்து உலகத்தின் பாவங்களை எடுத்துரைத்தால், அவர் சொல்வது உண்மை என்பதற்காக அவரை உட்காரவைத்து உபசரிப்போமா?

இங்கிலாந்தில் அதற்கு முந்திய ஆண்டு நடந்தது வேறு விதம். 1966 அக்டோபர் 2-ஆம் தேதி, பிரைட்டன் நகரத்து மெதடிஸ்ட் ஆலயத்தில் தொழிற் கட்சி மகாநாட்டுக்கான விசேஷ ஆராதனை. பிரதம மந்திரி ஹெரால்டு வில்ஸனும் வந்திருந்தார். வியத்நாமில் அமெரிக்கா நடத்திய போருக்கு அவருடைய சர்க்கார் படை அனுப்பவில்லை. வாயளவில் ஆதரவு அளித்தது. வேதபாடம் வாசிக்கும் சமயத்தில், "வேஷதாரி!" என்ற குரல் எழுந்தது. நிக்கோலஸ் வால்ட்டர் உள்ளிட்ட இருவருக்கு, 1860-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு மாதச் சிறைவாசம் கிடைத்தது. கட்சியின் காரியத்தைக் கோயிலுக்குள் முதலில் கொண்டுவந்தவர்கள் யார்? மந்திரிகளே அல்லவா? ஆகையால் இந்தக் கூச்சலை நான் பெர்லின் கூச்சலோடு ஒரே தட்டில் வைக்கமாட்டேன். செய்த காரியத்துக்குச் சிறை சென்றார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்கிறேன்.

வகுப்பில் ஒரு பையன் இடையில் எழுந்து கேள்வி கேட்டால், ஒழுங்கு கெட்டதென்று ஆசிரியர்களாகிய நாங்கள் கோபிப்போம். பல வேளைகளில் எங்களைச் சுடுவது ஒழுங்கீனம் அன்று, கேள்விதான். 1967 நவம்பரில், அமெரிக்க ஜனாதிபதி ஜான்ஸன் விர்ஜினியாவிலுள்ள வில்லியம்ஸ்பர்க் நகரத்துப் புரூட்டன் ஆலயத்தில் தொழுகைக்குச் சென்றார். அங்கே பிரசங்கம் செய்த லூயிஸ் பாதிரியார், இந்த யுத்தத்துக்குத் தெளிவான காரணம் சொல்லலாகாதா என்று மேடையிலிருந்தே கேட்டுவிட்டார். அவர் யாருடைய பிரார்த்தனையிலும் குறுக்கிடவில்லை, கூச்சலிடவில்லை, மேடையும் அவருடையதே. அப்படியிருந்தும் மரியாதை கெட்ட செயல் என்று பலர் அவரைக் கண்டித்தார்கள்.

பெர்லின் மாணவர்கள் அட்டைகளோடு வாய் திறவாமல் நின்றிருக்கலாம். மேடையை நாடியது மிகை என்றே இன்னமும் எண்ணுகிறேன். ஆனால், அட்டைகளைக் கண்டவுடனேயே ஜனங்கள் தள்ளத் தொடங்கிவிட்டார்கள். டட்ச்கே மேடைக்குப் போனது அதற்குப் பிறகு.