மண்ணைப் படித்த மகாராஜபுரத்தார்

பூதலூர் ரயிலடியில் இறங்கி வடக்கே நடந்தால் வண்டல். காவிரியும் வெண்ணாறும் கொண்டுவந்து கொட்டிய வண்டல். நடவு நாளில் கால் வைத்தால் கணுக்கால் புதையும். தெற்கே போனாலோ வல்லம் வரை செம்மண் மேடு. அந்த மேட்டு நிலத்துக்கும் தண்ணீர் காட்ட 1934இல் வந்ததுதான் கல்லணைக் கால்வாய்; நம் மக்கள் நாவில் அது புது ஆறு.

வட்டாரம் ஒன்று, மண் இரண்டு. ஏன்? "ஆண்டவன் படைப்பு" என்பார் அய்யர். "அப்பன் காலத்திலேயே அப்படித்தான்" என்பார் பண்ணையார். மண்ணையே கேட்டுப் பார் என்று மாணவருக்குச் சொல்லித் தந்த ஆசிரியர் ஒருவர் இதே தஞ்சைத் தரணியிலே பிறந்தார், தோழர்களே! மகாராஜபுரம் அவர் ஊர், 1898 பிறந்த ஆண்டு, எம். எஸ். கிருஷ்ணன் என்பது பெயர்.

வெள்ளையர் 1851இல் நிலவியல் ஆய்வுத் துறை கண்டனர். நம் உழவன் நலத்துக்காகவா? நிலக்கரிக்காக! 1924இல் லண்டனில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய கிருஷ்ணன் அதே ஆண்டு அத்துறையில் சேர்ந்தார். விடுதலை பெற்று நான்காண்டு ஓடிய பின், 1951இல்தான் அந்த நாற்காலியில் முதன்முதலாக ஓர் இந்தியர் அமர்ந்தார். அவர் இவர்தான்.

நாற்காலிக்காக நாம் பேனா எடுக்கவில்லை. 1943இல் அவர் எழுதிய 'இந்தியா, பர்மா நிலவியல்' என்ற நூல் பல தலைமுறை மாணவருக்குப் பாடநூலாயிற்று. ஓய்வு பெற்ற பிறகும் ஓய்ந்தாரில்லை. 1957இல் தன்பாத் சுரங்கப் பள்ளியின் தலைவர். அடுத்து ஆந்திரப் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1961இல் ஐதராபாத் புவி இயற்பியல் ஆய்வுக் கழகத்தின் முதல் இயக்குநர். 1970இல் மறைந்தார்.

அவர் வளர்த்த கல்வி நமக்குச் சொல்வதென்ன? வல்லம் மேட்டின் அடியில் கிடப்பது கடலூர் மணற்கல். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்கு மேலே போர்வையாய்க் கிடப்பதும் அதே வரிசைப் பாறைதான்! வடக்கே உள்ள வண்டலோ அதற்கு மிகப் பிந்தியது, ஆறு நேற்றுப் போட்ட கோலம்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்பார் உண்டு. 2017இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து, ஊரே வயலில் திரண்டபோது, நிலத்தடியில் என்ன நடக்கிறது என்று எவரோ சொல்லத்தானே உழவன் கேட்க வேண்டியிருந்தது? 2020இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கச் சட்டம் வந்தது, மகிழ்ச்சி. ஆனால் கிருஷ்ணன் நூல் ஆங்கில நூல். சட்டத்தைத் தமிழில் படிக்கும் உழவன் மகனுக்கு, தன் வயலின் அடிமண்ணைத் தமிழில் சொல்லித் தர யார் இருக்கிறார்?

பூதலூர்ப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறோம். ஊரில் ஆழ்குழாய்க் கிணறு போடும் நாளில் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். பத்தடிக்கு ஒரு முறை வெளியே வரும் மண்ணைத் தனித்தனியே குவிக்கச் சொல்லுங்கள். முதலில் களி வரும், பிறகு மணல் வரும். அதற்குக் கீழே என்ன வருகிறதென்று பிள்ளைகளே எழுதட்டும்.